எதையும் துடைக்காத துணி

என் மனைவிக்கு உட்காரத் தெரியாது. கல்யாணமான புதிதில் இதைச் சுறுசுறுப்பு என்று நினைத்துப் பூரித்துப்போனேன். கொஞ்ச நாளில் புரிந்துவிட்டது, காலில் சக்கரம். டீ குடித்துக்கொண்டே நடப்பாள். பேப்பரை நின்றுகொண்டு படிப்பாள். சாப்பாட்டின் நடுவில் எழுந்துபோய் ஜன்னல் கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவாள். நாள் முழுக்க பஸ் ஓட்டிவிட்டு வருகிறவன் நான். வீட்டுக்கு வந்தால் ஆடாமல் அசையாமல் இருக்கும் ஏதாவது ஒன்று கண்ணில் படவேண்டும் எனக்கு. எங்கள் வீட்டில் அப்படி இருந்தது சுவர் மட்டும்தான்.

அவள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பழைய ரயில் பாலம். அதற்குப் புதுப் பெயின்ட் அடிக்கப் பழைய பெயின்டைச் சுரண்டினார்கள். சுரண்டியது பொடியாகப் பறந்து வந்து வகுப்பு மேசைகளில் செங்கல் நிறத்தில் படிந்தது. மற்ற டீச்சர்கள் துடைத்துவிட்டுப் பாடம் நடத்தினார்கள். இவள் அதை ஒரு டப்பாவில் வழித்து எடுத்துக்கொண்டு பாலத்தடிக்குப் போய் இன்ஜினியர் முன்னால் நின்று, இது என்ன என்று கேட்டாள். "தூசிதானே மேடம், தட்டிவிட்டாப் போச்சு" என்றாராம் அந்த மனிதர். அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அன்றைக்குப் பிடித்தது எங்களுக்குச் சனி. பதில் கிடைக்காத கேள்வியை வைத்துக்கொண்டு இவளால் தூங்க முடியாது. படுக்கையில் புரண்டு புரண்டு என்னையும் தூங்க விடவில்லை. கடைசியில் நச்சியலும் சுற்றுச்சூழல் நலமும் என்று ஒரு முதுகலைப் படிப்பு பல்கலைக்கழகத்தில் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏங்க, நான் படிக்கப் போறேன்" என்றாள்.

"எதை?"

"விஷத்தை."

"சாப்பாட்டுல உப்பில்லைன்னு ஒரே ஒரு நாள் சொன்னேன். அதுக்கா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. விண்ணப்பமும் பள்ளிக்கூடத்துக்கு நீண்ட லீவுக் கடிதமும் ஏற்கெனவே போய்விட்டிருந்தன.

முதல் நாள் வகுப்பில், எந்தப் பொருளும் அளவைப் பொறுத்துத்தான் விஷமாகிறது என்று சொல்லிக்கொடுத்தார்களாம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடச் சொல்கிறோம், இதற்கு எதற்கு ஒரு பல்கலைக்கழகம் என்று கேட்டேன். "எந்த அளவு, யாருக்கு, எத்தனை நாள்னு கேக்கத்தான்" என்றாள் நடந்துகொண்டே. கூடப் படிக்கிற பிள்ளைகள் இவளை ஆன்ட்டி என்று கூப்பிட்டார்கள். தெருவில் விஷ டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். இரண்டுக்கும் இவள் தயங்காமல் திரும்பிப் பார்த்தாள்.

எங்கள் வீட்டில் இன்னும் இரண்டு பேர். ஒருத்தி என் அக்கா. அத்தான் போனபிறகு என்னோடு வந்துவிட்டவள். முன்னறையில் மெஷின் போட்டுத் திரைச்சீலை தைப்பாள். கை வேகமான வேலைக்காரி, வாய் அதைவிட வேகம். இன்னொருத்தி என் மகள். நாலு வயது. அக்காவின் தையல் மேசைக்கு அடியில்தான் அவளுக்கு வீடு, வாசல், கடைத்தெரு எல்லாம். துண்டுத் துணிகளைக் குவித்து அதற்குள் சுருண்டு கிடப்பாள் என்பதால் அக்கா அவளுக்குச் சுண்டெலி என்று பெயர் வைத்தாள். பிள்ளை இல்லாத என் அக்காவுக்கு மூச்சே அந்தச் சுண்டெலிதான்.

இவள் படிக்கப் போனதும் சுண்டெலியைப் பகல் முழுக்க அக்காதான் பார்த்துக்கொண்டாள். அதில் அக்காவுக்கு வருத்தம் இல்லை. ஆனால் சும்மா இருந்தால் அது அக்கா இல்லையே. "பெத்தவ விஷத்தைத் தேடிக்கிட்டு ஊர் சுத்துறா, பிள்ளை என் காலடியில வளருது" என்று மெஷின் சத்தத்துக்கு மேல் சொல்வாள். இவள் ஒருநாள் முன்னறையில் எட்டிப் பார்த்து, "அண்ணி, ரூமைக் கொஞ்சம் ஈரத்துணியால துடைச்சா என்ன, இவ்வளவு தூசி" என்றாள். அக்கா நிமிரக்கூட இல்லை. "ஈயத்தைப் பார்த்து இளிச்சதாம் பித்தளை. முதல்ல உன் புத்தக அலமாரியைத் துடை" என்றாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். நான் பெரும்பாலும் பஸ் டிப்போவுக்குச் சீக்கிரம் கிளம்பிவிடுவேன்.

இரண்டாம் வருடம் இவள் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது அதே பாலத்துத் தூசியை. பழைய பெயின்டில் ஈயம் இருக்கும், அது தூசியாகி வீட்டுக்குள் வரும், தவழுகிற பிள்ளை கையை வாயில் வைக்கும், அவ்வளவுதான் விஷயம். அது எத்தனை வீட்டில் எத்தனை தூரம் வந்திருக்கிறது என்று பார்க்க, பாலத்தைச் சுற்றியுள்ள வீடுகளுக்குப் போய் ஜன்னல் விளிம்பில் இவ்வளவு இடம் என்று அளந்து, ஒரு ஈரத்துணித் துண்டால் துடைப்பாள். துடைத்ததை மடித்து மூடிபோட்ட குழாயில் அடைப்பாள். லேபில் ஒரு மெஷின் அதில் எவ்வளவு ஈயம் என்று சொல்லிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒவ்வொரு தடவையும் ஒரு துணியை எடுத்து, எதையும் துடைக்காமல், காற்றில் ஒரு நிமிடம் காட்டிவிட்டு மடித்துக் குழாயில் போடவேண்டும். அதற்கு பிளாங்க் என்று பெயர். சும்மா போய்ச் சும்மா வருகிற துணி. அதில் ஒன்றுமே இருக்கக் கூடாது. ஏதாவது இருந்தால் அது ஜன்னலில் இருந்து வந்ததில்லை, எடுத்தவள் கையிலிருந்தோ குழாயிலிருந்தோ வந்தது என்று அர்த்தம். அப்புறம் மற்ற எண்களையும் யாரும் நம்ப மாட்டார்கள். சும்மா இருப்பதற்கு ஒரு துணியைச் சம்பளம் இல்லாமல் வேலைக்கு வைத்திருக்கிறாயே, அந்தப் பாடத்தை நீயும் கற்றுக்கொள் என்றேன். முறைத்தாள்.

அவள் கொண்டுபோன பை தொளதொளவென்று இருக்கும். எந்த வீட்டு வாசலில் வைத்தாலும் சாய்ந்து, குழாய்கள் உருண்டு ஓடும். ஒருநாள் ஒரு காலை நேரத்து உழைப்பு முழுக்க யார் வீட்டுச் சாக்கடையிலோ போய் விழுந்தது. கண் சிவக்க வீட்டுக்கு வந்தாள். அக்கா இரண்டு நாளில் கனத்த துணியில் அறை அறையாகத் தடுத்து ஒரு பை தைத்து மேசைமேல் வைத்தாள். எங்கே வைத்தாலும் சிப்பாய் மாதிரி நின்றது அந்தப் பை. "படிப்புதான் உருப்படலை, பையாவது உருப்படியா இருக்கட்டும்" என்றாள். என் மனைவி அந்தப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஒருத்தியை ஒருத்தி கட்டிப்பிடிக்க இரண்டு பேருக்கும் கூச்சம்.

அதற்குப் பிறகுதான் பிளாங்க் கெட்டது. ஒன்றுமில்லாமல் இருக்கவேண்டிய துணியில் ஈயம். முதல் தடவை கை தவறியிருக்கும் என்றார் இவள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற பேராசிரியர் அம்மா. அடுத்த தடவையும் வந்தது. அதற்கடுத்ததும். இவள் கையுறையை மாற்றினாள், குழாய்களை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவினாள், துணியைப் புது இடத்தில் வாங்கினாள். வீட்டில் குழாய்த் தண்ணீரைச் சந்தேகப்பட்டாள், என் காக்கிச் சட்டையைச் சந்தேகப்பட்டாள், என் செருப்பை வாசலோடு நிறுத்தினாள். முன்னறையில் நின்று அக்காவோடு பேசக்கூட அவளுக்கு நேரமில்லை, வாசலில் கால் வைத்தால் நேராக லேப் கணக்கு. நடக்கிற நடையில் தரை தேய்ந்துவிடும் என்று நினைத்தேன்.

அந்தச் சமயம் பார்த்துச் சுண்டெலிக்கு வயிற்று வலி. நன்றாக ஓடியாடிய பிள்ளை, சாப்பிட மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும், காரணமில்லாமல் கடிக்கும், எதற்கெடுத்தாலும் எரிந்து விழும். டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தார். பிறகு டானிக் கொடுத்தார். பிறகு, "சில பிள்ளைங்க இப்படித்தான்" என்று ஆறுதல் கொடுத்தார். மூன்றும் வேலை செய்யவில்லை. பிள்ளை இளைத்துக்கொண்டே வந்தது. பஸ்ஸுக்குக் குறுக்கே வந்தவனை எல்லாம் திட்டித் தீர்த்தேன்.

அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "இது வயித்து நோவு இல்லம்மா. ஏக்கம். தாய் முகம் பாக்காத ஏக்கம். நீ எழுதி வெச்சுக்கோ."

"நான் சாயங்காலம் வந்துடறேனே அண்ணி."

"வந்து? குழாயைத்தானே கழுவுற? பிள்ளைக்குக் கழுவி விட்டதெல்லாம் யாரு?"

என் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு, "இந்த டேர்ம் முடியட்டும் அண்ணி. அதுக்குள்ள அவளுக்குச் சரியாகலைன்னா நான் படிப்பை விட்டுடறேன்" என்றாள். விளையாட்டாகச் சொல்கிறவள் இல்லை அவள். அவள் படிப்பை விட்டுவிட்டால் மிச்சமிருக்கும் வாழ்நாளுக்கு அவளோடு யார் குப்பை கொட்டுவது என்ற பயம் ஒரு பக்கம். பிள்ளை சரியானால் போதும், எந்தப் படிப்பு எப்படிப் போனால் என்ன என்ற நினைப்பு இன்னொரு பக்கம். நான் யார் பக்கமும் பேசவில்லை.

பேராசிரியர் அம்மாவும் பொறுமை இழந்துவிட்டார். அடுத்த சுற்றிலும் பிளாங்க் சுத்தமாக வராவிட்டால் எடுத்தது அத்தனையும் குப்பை என்று சொல்லிவிட்டார். இவள் அப்போது செய்ததுதான் எனக்குப் பிடித்த காரியம். குழாய் மூடியைத் தளர்வாக விட்டு மூன்று பிளாங்க் எடுத்தாள். ஒன்றை லேபிலேயே விட்டாள். ஒன்றை அக்கா தைத்த பையில் போட்டு, பாலத்துப் பக்கமே போகாமல் வீட்டில் வைத்தாள். ஒன்றை என் சட்டைப் பையில் செருகி, "இன்னைக்கு முழுக்க இது உங்ககூட இருக்கட்டும், தொடாதீங்க" என்றாள். அன்று முழுக்க நெஞ்சில் ஒரு குழாயோடு பஸ் ஓட்டினேன். என்ன வியாதி என்று கண்டக்டர் கேட்டான். பெண்டாட்டி என்றேன்.

முடிவு வந்தது. லேபில் இருந்தது சுத்தம். என் சட்டைப் பையில் இருந்ததும் சுத்தம். நான் மீசையை முறுக்கினேன். "துவைக்கிறது யாரு?" என்றாள் அக்கா. பையில் இருந்ததில் மட்டும் ஈயம், அள்ளிக் கொட்டியது போல.

என் மனைவி சமையலறை வாசலில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "பையில ஏறியிருக்கு. பாலத்து வீட்டுத் தூசி எல்லாம் பையில ஒட்டிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்துருக்கு. நான்தான் கொண்டு வந்துருக்கேன்" என்றாள். பிறகு அக்காவைப் பார்த்து, "நீங்க சொன்னதுதான் சரி அண்ணி. பிள்ளைக்கு வலி என்னாலதான். நான் நிறுத்திடறேன்" என்றாள். அழுதிருந்தால் தேவலை. அழவில்லை. அக்கா ஜெயித்துவிட்டாள், ஆனால் ஜெயித்த முகம் இல்லை அது. "அதுக்குன்னு இப்படியா" என்று முணுமுணுத்தாள்.

நிறுத்துவதற்கு முன்னால் ஒரு கேள்வியை முடித்துவிடவேண்டும் இவளுக்கு. துணியில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று லேபில் பார்க்கப் பையின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு துண்டு வெட்டப் பிளேடை எடுத்தாள்.

அக்கா பாய்ந்துவந்தாள். "ஏம்மா, அதை ஏன் பிரிக்கிற? எத்தனை அழகாத் தைச்சிருக்கேன். அடியில ஈயத்துண்டு வெச்சிருக்கேன், உதிர்ந்துடும்."

பிளேடு நின்றது.

"என்ன வெச்சிருக்கீங்க?"

"ஈயம்மா. பை நிக்கணும்ல? போன வருஷத்துலேருந்து ஓட்டல் திரைக்கெல்லாம் கீழ்மடிப்புல அதைத்தானே வெச்சுத் தைக்கிறேன், திரை பறக்காம நேரா நிக்கட்டும்னு. பழைய இரும்புக் கடையில தகடா வாங்கி, தட்டித் தட்டி வெட்டி வெச்சிருக்கேன். மெத்துனு வெட்டுப்படும், கைக்கு நோவாது."

ஈயத்தைக் காய்ச்சிக் காதில் ஊற்றியது போல என்று ஒரு பேச்சு உண்டு. எங்கள் வீட்டில் அதை இனி யாரும் சொல்ல மாட்டோம். என் மனைவி ஒரு வருடமாகப் பெயின்டில் இருக்கும் ஈயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். பெயின்ட்தான் விஷம் என்று அக்கா எடுத்துக்கொண்டிருந்தாள். தினம் கையில் பிடிக்கிற தகட்டை யார் சந்தேகப்படுவார்கள்? பகலில் அக்கா வெட்டும்போது நாங்கள் இரண்டு பேருமே வீட்டில் இருந்ததில்லை.

"எங்க வெச்சு வெட்டுவீங்க அண்ணி?" என்று கேட்டாள் என் மனைவி. குரல் மிகவும் மெதுவாக இருந்தது.

"மேசைமேலதான்."

"அப்ப சுண்டெலி?"

நாங்கள் மூன்று பேரும் முன்னறையைப் பார்த்தோம். மேசைக்கு அடியில், துண்டுத் துணிக் குவியலில், கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. என் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனோம். எங்கள் எல்லாருக்கும் ரத்தம் எடுத்தார்கள். "எனக்கு எதுக்கு? பிள்ளைக்குப் பாருங்க" என்று அக்கா கையை இழுத்துக்கொண்டாள். என் மனைவி அந்தக் கையைப் பிடித்து நர்ஸ் முன்னால் நீட்டினாள். முடிவு வரும்வரை வீட்டில் நான்கு சுவருக்குள் இருக்க முடியவில்லை. அவள் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தாள். நானும் அவள் பின்னால் நடந்தேன். முதல் முறையாக அவள் ஏன் நடக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

பிள்ளைக்கு ரத்தத்தில் ஈயம் அதிகம்தான். வயிற்று வலிக்கும் எரிச்சலுக்கும் அதுதான் காரணம் என்றார் டாக்டர். வருகிற வழியை அடைத்துவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், நல்லவேளை இப்போதே பிடித்தீர்கள் என்றார். பிறகு அக்காவின் சீட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அக்காவுக்குப் பிள்ளையைவிட மூன்று மடங்கு. "கை மரத்துப் போகுதா? தலைவலி உண்டா?" என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். கத்தரிக்கோல் கைதவறி விழும்போதெல்லாம், "வயசாயிடுச்சு கிழவி" என்று கிண்டல் பண்ணியவன் நான். என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஊர் ஜன்னலெல்லாம் துடைச்சேன் அண்ணி. உங்க கை நடுங்கினதை ஒரு நாள் நின்னு பாக்கலை" என்றாள்.

அக்கா அன்றோடு மாறிப்போனாள். தகடு, துண்டு, மேசை எல்லாவற்றையும் வெளியேற்றினாள். ஓட்டல் வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். முன்னறையை என் மனைவி ஈரத்துணியால் மூலை மூலையாகத் துடைக்கும்போது வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை. படுக்கையை மாடிச் சாமான் அறைக்கு மாற்றிக்கொண்டாள். பிள்ளையைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டாள். "வேலியே பயிரை மேஞ்சுருச்சேடா தம்பி" என்று என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னாள். சுண்டெலி படிக்கட்டின் கீழே நின்று, "அத்தை, என்மேல கோபமா?" என்று கத்தும். மேலேயிருந்து சத்தமே வராது. வாய் ஓயாத என் அக்கா அப்படி இருந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த பரிசோதனையில் பிள்ளைக்கு எண் நன்றாகவே இறங்கியிருந்தது. அதற்கு முன்பே தட்டைக் காலி செய்துவிட்டு இன்னும் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். அக்காவுக்கும் இறங்க ஆரம்பித்திருந்தது. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் மாடிக்கு ஓடினேன். அக்கா அதை வாங்கி, இரண்டு எண்ணையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். துணிகளை ஏற்கெனவே மடித்து வைத்திருந்தாள்.

"பிள்ளை தேறிடுச்சு. அதுக்குத்தான் காத்திருந்தேன். பெரியம்மா மக வீட்டுல ஒரு ரூம் இருக்கு" என்றாள். நான் கெஞ்சினேன், கத்தினேன், பெட்டியைப் பிடித்து இழுத்தேன். அக்கா பிடித்தால் பிடித்ததுதான். பெட்டியோடு படியிறங்கி வாசல்வரை வந்துவிட்டாள்.

வாசலில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். கையில் புதுப் பை, ரப்பர் பை, தொளதொளவென்று. மன்னிப்பு, கண்ணீர், காலில் விழுவது என்று ஏதேதோ நடக்கப்போகிறது என்று நான் பயந்தேன். அவள் வழியை மறித்து நின்று, கோபமாகத்தான் பேசினாள்.

"எங்க அண்ணி கிளம்பிட்டீங்க? எடுத்த அத்தனையும் குப்பைக்குப் போயிடுச்சு. திங்கக்கிழமையிலேருந்து எல்லா வீட்டு ஜன்னலையும் நான் மொதல்லேருந்து துடைக்கணும். நீங்க போயிட்டா சுண்டெலியை யாரு பாத்துக்குவா?"

அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "என்கிட்டயா விடப்போற?"

"வேற யார்கிட்ட விடுவேன்?"

சுண்டெலி ஓடிவந்து பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அக்காவின் கை தானாக நீண்டு, பாதியில் நின்றது. தன் உள்ளங்கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு கொல்லைக்குப் போனாள். அவள் சோப்புப் போட்டுக் கை கழுவுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. திரும்பி வந்து பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"திங்கக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்புவே?" என்றாள்.